எண்ணூற்றுப் பன்னிரண்டு புள்ளி

போன வாரம் ஜோதிலட்சுமியைக் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். ஏழு நாளாக அந்தப் பெண் மவுஸைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளா, ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தீர்களா என்று ஒரு வாசகி கார்டு போட்டுத் திட்டியிருக்கிறார். திட்டு நியாயமானதுதான், வாங்கிக்கொண்டேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டே வரி. ஜோதி பொன்னேரிக்காரி. புருஷன் அன்புராஜுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாரை மார்க் பைப் கம்பெனியில் வேலை. அவளும் நாத்தனார் செல்வியும் வீட்டு முன்னறையில் ஒரே மெஷினை வைத்துக்கொண்டு ரவிக்கை தைக்கிறவர்கள். ஜோதி வெட்டுவாள், செல்வி தைப்பாள். மூன்று மாதமாக ஜோதி பகலில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் சாலமோனின் ஸ்டிக்கர் கடைக்குப் போய்வருகிறாள். ஸ்டிக்கர் உரிக்கிற வேலை என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வரி என்று சொல்லிவிட்டு எத்தனை வரி ஆகிவிட்டது பாருங்கள்! இன்னும் ஒன்று பாக்கி. கடைக் கம்ப்யூட்டரில், கோரல் டிரா என்ற படம் போடுகிற புரோகிராமில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த தௌஹீத் துபாய்க்குப் பறந்துவிட்டான். அந்த இடத்துக்கு மெட்ராஸிலிருந்து திங்கட்கிழமை புது ஆள் வருகிறான். 'அண்ணே, நாரை கம்பெனி வேலைய மட்டும் என்னாண்ட குடுங்க. நல்லா வந்தா அந்த நாற்காலி எனக்கு' என்று ஜோதி கேட்டதும், சாலமோன் அரை மனசாகத் தலையாட்டியதும் போன வாரம் நீங்கள் படித்ததுதான்.

இன்று சனிக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம். சுவரில் 2006 காலண்டர் மொடமொடவென்று தொங்குகிறது.

காலை பதினோரு மணிக்கு ஜோதி 'கட்' என்ற பொத்தானை அமுக்கினாள்.

திரையில் போட்ட கோட்டின் மேலேயே கத்தி ஓட்டுகிற ஸ்டிக்கர் மெஷின், ரோஸ் கலர் ஸ்டிக்கர் தாளை உள்ளே இழுத்தது. கத்தி இறங்கியது. தௌஹீத் போட்ட படம் என்றால் சர்ரென்று ஒரே ஓட்டமாக ஓடுகிற கத்தி, இன்று குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி கடகடவென்று அடித்துக்கொண்டது. நாரையின் காலைத் தாண்டியது, வயிற்றைத் தாண்டியது. கழுத்து வளைவில் ஏறியபோது தாள் சுருட்டிக்கொண்டு கிழிந்தது.

"நிறுத்து! நிறுத்தும்மா!" டீ கிளாஸோடு சாலமோன் ஓடிவந்தார். "கொக்கு கழுத்த அறுத்துட்டியே!"

"கொக்கு இல்லண்ணே, பூநாரை."

"இப்ப அதான் ரொம்ப முக்கியம்!"

முக்கியம் எது என்று ஜோதிக்கும் தெரியும். நாரை கம்பெனியில் புதிதாக நாலு வேன் வாங்கியிருக்கிறார்கள். நாளைக் காலையில் பூஜை. வேனுக்கு இரண்டு பக்கம், ஆக எட்டு நாரை. இன்று நாலு மணிக்கு வேன்கள் கடை வாசலுக்கு வந்துவிடும். பழவேற்காட்டுப் பூநாரையின் அந்த ரோஸ் கலர் தாள் மெட்ராஸ் பாரிமுனையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. கையில் இருந்த ரோலில் ஒன்பது நாரைக்குத்தான் இடம். ஒன்று போயாயிற்று. இனி ஒன்று கிழிந்தாலும் நாற்காலி அவளுக்கு இல்லை.

சாலமோன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து நாரையைக் கிளிக் செய்தார். திரையின் அடியில் ஒரு வரி வந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"எண்ணூத்திப் பன்னெண்டு நோடு! ஏம்மா, ஒரு பறவைக்கு எண்ணூத்திப் பன்னெண்டு புள்ளியா? தௌஹீத் போட்டா முப்பது நாப்பதுக்கு மேல இருக்காது."

"அவ்ளோ கம்மியா வெச்சி எப்புடிண்ணே வளைப்பான்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஆளு வெக்கிறேன்? ரெண்டு மணி வரைக்கும் பாரு. வரலன்னா திருவள்ளூர்ல வேற கடைக்குத்தான் ஓடணும் நானு." கோபமாகச் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை அவளிடமே நீட்டினார். "குடி மொதல்ல. மூஞ்சி செத்துப்போயி கீது."

ஜோதி கிளாஸை அப்படியே கீழே வைத்தாள். மூன்று நாள் வேலை அது. கம்பெனி விசிட்டிங் கார்டில் இருந்த நாரையை ஸ்கேன் பண்ணி அடியில் வைத்து, அதன் ஓரத்தோடு ஒரு புள்ளி, ஒரு மயிரிழை தள்ளி அடுத்த புள்ளி, அதை ஒட்டி அடுத்தது என்று சுற்றி வந்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தையலோடு பழகின கை. நெருக்கமாகப் போட்டால்தான் தையல் நிற்கும்; இடைவெளி விட்டால் இரண்டாவது துவைப்பிலேயே பிரிந்துவிடும். அந்தப் பழக்கம் மவுஸுக்கும் வந்துவிட்டது. திரையில் பார்க்க அச்சு அசலாக இருந்ததால் நேற்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு தடவை, தெரியாத்தனமாகக் கோட்டைப் பிடித்து இழுத்தபோது புள்ளியின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் அம்பு முளைத்தது. நாரையின் தலை வீங்கிவிட்டது. பதறிப்போய் கண்ட்ரோல் இஸட் அமுக்கினாள். அந்தப் பொத்தான் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். துணியை வெட்டினால் வெட்டினதுதான். இங்கே வெட்டினதையும் ஒட்டித் தந்துவிடுகிறதே! நீல அம்புப் பக்கம் மட்டும் அவள் அப்புறம் போகவே இல்லை.

பன்னிரண்டரைக்கு வாசலில் நிழல் விழுந்தது. ஸ்டிக்கர் வாங்க வந்த ஆள் என்று நினைத்து நிமிர்ந்தால், செல்வி. இருபத்தைந்து வயசு, மூக்கு நுனியில் கோபம், கையில் துணிப்பை.

"அண்ணி! பதினோரு ரவிக்கை அங்க கெடக்குது. நீ இங்க ஃபேன் காத்துல ஒக்காந்துக்கினு..." பாதியில் நிறுத்தினாள். "ஆமா, நீ இன்னா அந்த நாற்காலில ஒக்காந்துக்கினு கீற? உரிக்கிற வேலதானே உனக்கு?"

செல்வி திரையைப் பார்த்தாள், மவுஸைப் பார்த்தாள், அண்ணி முகத்தைப் பார்த்தாள்.

"நீ கம்ப்யூட்டர் போடுறியா? அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போச்சி. பேஜாருதான் இன்னிக்கு."

பேஜாருக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்புராஜ் பொன்னேரியில் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்தான். தெருவுக்கே சொல்லிவிட்டுச் சேர்ந்தான். இரண்டே வாரத்தில் நோட்டைச் சுருட்டி வைத்துவிட்டு பைப் கம்பெனிக்குப் போய்விட்டான். 'அதெல்லாம் நம்பளுக்கு வராது' என்றான். நம்பளுக்கு என்று வீட்டில் இருந்த எல்லோரையும் சேர்த்தே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது.

"அத்த அப்பால பேசலாம். நீ ஏன் வந்த?" என்றாள் ஜோதி.

"டீச்சரம்மா பட்டுத் துணி. நாளைக்குக் காலைல வேணுமாம். நான் கத்திரிய எடுத்தேன், பட்டு மேல வெக்கத் தைரியம் வரல. போன தபா நான் கைக்குழி வெட்டின ரவிக்கையப் போட்டுக்கினு, கையத் தூக்க முடியலன்னு அந்தம்மா திட்டுனாங்களே, மறந்துட்டியா? நீ கோடு போட்டுக் குடு. அடுத்த டிரெய்ன்ல நான் போயிக்கினே கீறேன்."

இருக்கிற தலைவலியில் இது வேறா என்று ஜோதிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் டீச்சரம்மா பட்டு. உரிக்கிற மேஜையைத் துடைத்துத் துணியை விரித்தாள். டேப்பைப் பிடித்துத் தோளில் ஒரு புள்ளி வைத்தாள். மார்பளவுக் கோட்டில் ஒரு புள்ளி. உள்பக்கமாகக் குழிவு எங்கே வரவேண்டுமோ அங்கே ஒன்று. பிறகு சாக்பீஸைச் சாய்த்து, மணிக்கட்டைத் திருப்பி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். கைக்குழி வழவழவென்று வந்து விழுந்தது.

சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னா அண்ணி? தப்பா போட்டுட்டியா?"

"செல்வி, இதுக்கு நான் எத்தினி புள்ளி வெச்சேன்?"

"மூணு. எப்பவும் மூணுதானே வெப்ப."

"முப்பது வெச்சா?"

"முப்பது வெச்சா கோடு கோணக்கோணையா வரும். கத்திரி தத்தித் தத்திப் போவும். துணி பிசிறடிச்சிக்கும். உனக்கு இன்னா ஆச்சி இப்போ?"

"அடிப்பாவி! அதான்டி! மூணு நாளா நான் நாரையத் தெச்சிக்கினு கீறேன். இது வெட்டுற வேல!"

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்துப் பார்த்து அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். ஜோதி அதற்குள் நாற்காலிக்குத் தாவியிருந்தாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு புள்ளி போட்ட நாரையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு நொடி கண்ணை மூடி, டெலீட்டை அமுக்கினாள்.

"ஐயோ, ஐயோ!" என்று அலறியது சாலமோன்.

"சும்மா இருங்கண்ணே!"

அவரை அவள் அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் சும்மா இருந்தார்.

அலகு நுனியில் ஒரு புள்ளி. தலை உச்சியில் ஒன்று. கழுத்து எங்கே திரும்புகிறதோ அங்கே ஒன்று, கழுத்து முடிகிற இடத்தில் ஒன்று. நடுவில் ஒன்றும் வைக்காமல் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நீல அம்பு முளைத்தது. ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை. அம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, துணி மேல் சாக்பீஸைத் திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பினாள். கோடு கூடவே வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் வளைந்தது.

வயிற்றுப் பக்கம் வந்தபோது இழுப்பு கொஞ்சம் கூடிப்போனது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வி பக்கென்று சிரித்தாள்.

"இன்னா அண்ணி, நாரை முழுகாம இருக்குதா?"

"கண்ட்ரோல் இஸட்" என்றாள் ஜோதி, அவளும் சிரித்துக்கொண்டே.

ஒன்றே முக்காலுக்கு நாரை எழுந்து ஒற்றைக் காலில் நின்றது. திரைக்கு அடியில் எழுதியிருந்தது: முப்பத்து நான்கு.

ரோஸ் ரோலைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. முதலில் அதே நாரையை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, வேண்டாத வெள்ளைத் துண்டில் விட்டுப் பார்த்தாள். சர்ரென்று ஒரே சத்தம். கத்தி எங்கேயும் நிற்கவில்லை. கிழிந்த நாரையைக் கையில் வைத்துக்கொண்டு இதுவரை முனகிக்கொண்டிருந்த சாலமோன், முனகலை நிறுத்திவிட்டு மெஷின் அருகே வந்து நின்றுகொண்டார்.

பிறகு ரோஸ். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு நாரையும் கழுத்து வளைவில் ஏறும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டும் இறங்கி முடிந்தபோது மணி இரண்டே முக்கால். வெட்டியதில் நாரையை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வேண்டாததை எல்லாம் ஊசியால் கிளப்பி உரிக்க வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

"அடுத்த டிரெய்ன் போயிட்ச்சி" என்றாள் செல்வி யாரிடமோ சொல்வதுபோல. பையிலிருந்து தன் ஊசியை எடுத்துக்கொண்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தாள். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துப் பழகின விரல். நாலாவது நாரைக்கு ஜோதியையே முந்திவிட்டாள்.

நாலு மணிக்கு நாலு வேனும் வரிசையாக வந்து நின்றன. முதல் வேனிலிருந்து கம்பெனி டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் தேசப்பன் இறங்கினார். எதைக் காட்டினாலும் குறை கண்டுபிடிக்கிற ஆள் என்று கம்பெனியில் அவருக்குப் பேர். அவர் பின்னாலேயே அன்புராஜ். தன் வீட்டுக்காரி உரிக்கிற கடை என்று அவன்தான் இந்த வேலையை இங்கே சிபாரிசு பண்ணியிருந்தான்.

"நீ இன்னா இங்க?" என்றான் தங்கையைப் பார்த்து.

"துணி வெட்ட வந்தேன்."

"ஸ்டிக்கர் கடையிலயா?"

செல்வி ஒரு நாரையைத் தூக்கிக்கொண்டு வேன் பக்கம் நகர்ந்தாள். நாரைகள் வேனில் ஏறின. தேசப்பன் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து அசலையும் நகலையும் மாறிமாறிப் பார்த்தார். கழுத்து வளைவை உள்ளங்கையால் தடவினார். இரண்டாவது வேனுக்குப் போய் அங்கேயும் தடவினார். ஜோதி கடைக்குள் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சாலமோன், மெட்ராஸ் ஆளு வந்துட்டானா? கழுத்து ஜோரா வந்துகீது. ஒண்ணு கேக்குறேன். தண்ணி டேங்க் மேல இதே நாரைய முப்பதடில போடணும்னு எம்.டி. சொல்லிக்கினு கீறாரு. பெருசு பண்ணா உடையாதா? போன தபா ஒருத்தன் போட்டான், செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமா வந்துட்ச்சி."

சாலமோன் உதட்டைப் பிதுக்கினார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"உடையாதுங்க. அவரு பெருசு பண்ணது போட்டோ. இது கோடு. முப்பதடிக்கு இழுத்தாலும் அதே முப்பத்தி நாலு புள்ளிதான். புள்ளிங்க தள்ளிப் போவும், கோடு கூடவே வரும்."

எல்லோரும் திரும்பினார்கள். நாற்காலியில் ஜோதி. அன்புராஜுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெதுவாக உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். திரையில் நாரை ஒற்றைக் காலில் நின்றது.

"இத்த நீயா போட்ட?"

"ம்."

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா. தௌஹீத் தொழுவப் போறப்ப, சாப்புடப் போறப்ப, அப்புடியே."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

ஜோதி திரும்பாமலே சொன்னாள். "சொன்னா வேணான்னுவீங்கன்னு பயந்தேன்."

அன்புராஜ் யோசித்தான். "ஆமா. வேணான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். மவுஸ் பக்கம் கையைக் காட்டி, "ரெண்டு வாரத்துல எழுந்து ஓடியாந்தவன் நானு. அந்த மவுசு என் கைல நிக்கவே நிக்காது. உனக்கு எப்புடி நின்னுது ஜோதி?"

"எனக்கும் மொத ரெண்டு வாரம் நிக்கலங்க."

அவன் சிரித்துவிட்டான். அவனுக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு. வெளியே போய் முதல் வேன் டிரைவரிடம், "என் ஊட்டுக்காரி போட்டது" என்றான். நாலு டிரைவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தான். தேசப்பனிடம் இரண்டு தடவை சொன்னான்.

வேன்கள் போனதும் சாலமோன் செல்போனை எடுத்தார்.

"தம்பி, திங்கக்கிழம வர வேணாம்ப்பா. ஆளு கெடச்சிட்டாங்க."

கெடச்சிட்டாங்க! காலையில் கொக்கு கழுத்தை அறுத்தவளுக்கு சாயங்காலம் மரியாதை. ஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்த மூன்று நாளும் அவள் அதன் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒம்போதுக்கு வந்துடணும். ஏழு மணிக்குத்தான் கெளம்பலாம். டேங்க் வேல வேற வருது" என்றார் சாலமோன்.

மூலையில் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டிருந்த செல்வியின் கை நின்றது.

"எனக்குச் சந்தோஷம்தான் அண்ணி" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை. "அப்போ கைக்குழி யாரு வெட்டுவா? தெனம் தெனம் உன் பின்னாடி டிரெய்ன் ஏறி வரவா நானு? நீ ஏழு மணிக்குக் கெளம்பி ஊட்டுக்கு வந்து சேந்து, அதுக்கு மேலயா துணிய எடுப்ப? மெஷின மூடிப் போட்டுட வேண்டியதுதான்."

நியாயமான கேள்வி. ஜோதி நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்வை திரைக்குப் போயிற்று, அங்கிருந்து வெட்டுகிற மெஷினுக்குப் போயிற்று.

"பையில வேற இன்னா துணி வெச்சிக்கினு கீற?"

"போஸ்ட்மேன் ஊட்டம்மாது. முப்பத்தாறு."

"தோள் அளவு சொல்லு. கை உயரம் சொல்லு."

செல்வி சொல்லச் சொல்ல ஜோதி திரையில் மூன்று புள்ளி வைத்தாள். நீல அம்பைப் பிடித்துத் திருப்பினாள். மெஷினில் கத்தியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பேனாவை மாட்டினாள். காக்கித் தாளைச் செருகினாள். பொத்தானை அமுக்கியதும் பேனா ஒரே ஓட்டமாக ஓடி, அசல் அளவில் ஒரு கைக்குழியை வரைந்து வைத்தது.

அதைக் கத்திரியால் நறுக்கி நாத்தனாரிடம் நீட்டினாள். "துணி மேல வை. ஓரத்தோட சாக்பீஸ ஓட்டு. நீயே வெட்டு."

செல்வி தாளை வைத்தாள், ஓட்டினாள். கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணியை ஒரு தடவை, அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். வெட்டின துண்டைத் தூக்கிப் பிடித்தபோது வளைவு ஜோதி கையால் வெட்டினது மாதிரியே இருந்தது.

"இந்த ஒரு வளைவுக்காக எத்தினி வருஷம் உன்னக் கெஞ்சிக்கினு கெடந்தேன்!" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சாலமோன் அந்தக் காக்கித் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாபாரிக் கண் மெல்லச் சுருங்கியது.

"ஏம்மா ஜோதி, இத்த எல்லா சைஸ்லயும் போட முடியுமா? கும்மிடிப்பூண்டி பஜார்ல மட்டுமே இருபது டெய்லருங்க கீறாங்க. அப்பால பொன்னேரி, திருவள்ளூர், மணவாள நகர்..."

ஜோதி வாயைத் திறப்பதற்குள் செல்வி எழுந்தாள். அவர் கையிலிருந்து தாளை மரியாதையாக வாங்கி, நாலாக மடித்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, மெஷினு உங்களுது. அந்த வளைவு எங்க ஊட்டுது. மொதல்ல எங்களாண்ட பேசுங்க."

சாலமோன் திகைத்துப்போய் அன்புராஜைப் பார்த்தார். அன்புராஜ் உரிக்கிற மேஜைக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்து, பெண்சாதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"பேசலாம்" என்றான்.